தங்கப் பாக்கெட் வாட்ச் கைக்கு வந்தால்: திறப்பது முதல் பெயரைக் கண்டுபிடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

1861 ஏப்ரல் மாதம், வாஷிங்டன் நகரத்தின் பென்சில்வேனியா அவென்யூ. அங்கே ஒரு கடையில் ஜொனாதன் டில்லன் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு தங்கக் கடிகாரத்தைப் பிரித்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஆபிரகாம் லிங்கனுடையது. சம்டர் கோட்டை தாக்கப்பட்டது, உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்ததும், டயலைக் கழற்றிவிட்டு அடியிலிருந்த பித்தளைத் தகட்டில் அந்தச் செய்தியையும் தேதியையும் தன் பெயரையும் கூரிய கருவியால் கீறினார். பிறகு டயலை மூடிக் கொடுத்துவிட்டார். லிங்கனுக்கு அது தெரியவே தெரியாது. 1906இல் வயதான டில்லன் ஒரு பத்திரிகையிடம் இதைச் சொன்னார். அதற்கு நூறு வருடங்களுக்குப் பிறகு, 2009 மார்ச்சில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அந்தக் கடிகாரத்தைத் திறந்தார்கள். எழுத்து அப்படியே இருந்தது. வாசகம் மட்டும் அவர் நினைவில் வைத்திருந்ததிலிருந்து மாறியிருந்தது.

பழைய தங்கக் கடிகாரம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தச் சம்பவம்தான். நம் வீடுகளில் பீரோவிலிருந்து இப்படி ஒன்று கிடைத்தால் நேராகத் தராசில் வைத்து ‘எத்தனை சவரன் தேறும்?’ என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டு உருக்கிய கடிகாரங்கள் எத்தனையோ. தங்கம் வெளிக்கூடு மட்டும்தான். யார் செய்தார்கள், எங்கே, எப்போது, யாரெல்லாம் பழுது பார்த்தார்கள் என்பது உள்ளே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். எப்படிப் படிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சாவி கொடுக்காதீர்கள்

கை பரபரக்கும், தெரியும். ஆனால் பல வருடம் ஓடாமல் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். சாவி கொடுத்து ஓட்டினால் அந்தப் பிசினும் தூசும் சேர்ந்து அரம் போலச் சக்கர அச்சுகளைத் தேய்க்கும். உள்ளே இருக்கும் வில் (மெயின் ஸ்பிரிங்) ஏற்கெனவே முழுக்க முறுக்கியிருந்து கடிகாரம் ஓடவில்லை என்றால், ‘அதிகமாச் சாவி கொடுத்துக் கெடுத்துட்டாங்க’ என்பார்கள். அது காரணம் கிடையாது. முழுக்க முறுக்குவதற்காகத்தான் வில்லே இருக்கிறது, ஓட விடாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான்.

மேசையில் ஒரு தட்டு, தட்டில் மெத்தென்ற வெள்ளைத் துணி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல வெளிச்சம், ஃபோன் கேமரா. இவ்வளவு போதும்.

2. திறக்கும் விதம்

இங்கேதான் நிறைய கடிகாரங்கள் காயப்படுகின்றன. கத்தியை எடுக்காதீர்கள். முதலில் எந்த வகை என்று பாருங்கள்.

சுவிஸ் கடிகாரங்களில் பெரும்பாலும் பின்பக்கம் கீலோடு இருக்கும், விளிம்பில் நகம் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன உதடு இருக்கும். கட்டை விரல் நகத்தால் மெதுவாக நெம்பினால் திறக்கும். உள்ளே இன்னொரு மூடி உண்டு, தூசு போகாமல் இருக்க. அதையும் அதே மாதிரி திறந்தால் இயந்திரம் தெரியும். அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் முன்னும் பின்னும் திருகு மூடி உண்டு. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தித் திருகினால் வரும். சிலவற்றில் பின்பக்கமே திறக்காது. முன் கண்ணாடி வளையத்தைக் கழற்றி, இயந்திரத்தைக் கீலில் முன்னோக்கித் தூக்க வேண்டும்.

பழைய ஆங்கிலக் கடிகாரம் என்றால் அநேகமாக எல்லோரும் ஏமாறுவார்கள். பின்மூடியைத் திறந்தால் சாவி போடும் ஓட்டை மட்டும் தெரியும், வேறு ஒன்றும் இருக்காது. முன் கண்ணாடியைத் திறங்கள். ஆறு மணி எண்ணுக்குக் கீழே டயல் விளிம்பில் ஒரு சின்ன எஃகு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் உள்ளே தள்ளினால் பன்னிரண்டு மணிப் பக்கத்துக் கீலில் முழு இயந்திரமும் ஜன்னல் கதவு மாதிரி எழுந்து வரும். முதல் தடவை அப்படி ஒன்றை நான் தூக்கியபோது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சங்கிலி தெரிந்தது. சைக்கிள் செயினை நூல் அளவுக்குச் சிறுத்துப் போட்ட மாதிரி, கண்ணிக்குக் கண்ணி ஆணி அடித்த எஃகுச் சங்கிலி. லென்ஸ் இல்லாமல் கண்ணிகளை எண்ணவே முடியாது.

அந்தச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில் முழுக்க முறுக்கியிருக்கும்போது பலமாக இழுக்கும், தளரத் தளர இழுப்பு குறையும். அதைச் சமன் செய்ய ஒரு கூம்பு வைத்தார்கள். வில் பலமாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் மெல்லிய முனையை இழுக்கும், வில் தளரும்போது தடித்த பக்கத்தை இழுக்கும். இந்தச் சங்கிலிகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் தென்கடற்கரையில் கிரைஸ்ட்சர்ச் என்ற ஊரில் தயாரானது. 1790இல் அங்கே ராபர்ட் ஹார்வி காக்ஸ் என்பவர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். செய்தவர்கள் பெண்களும் குழந்தைகளும், அவர்களில் பலர் ஏழைகள் விடுதியில் இருந்தவர்கள். ஒவ்வொரு கண்ணியையும் கையால் கோத்துக் கண் பார்வையைக் கெடுத்துக்கொண்டார்கள். தகட்டில் அவர்கள் பெயர் எதுவும் கிடையாது. லண்டன் கடை உரிமையாளர் பெயர் மட்டும் பெரிய சுழி எழுத்தில் இருக்கும்.

3. தங்கம்தானா?

நிறத்தை நம்பாதீர்கள், முத்திரையைப் பாருங்கள். பின்மூடியின் உட்பக்கம், உள்மூடி, மேலே செயின் மாட்டும் காதுவளையம், மூன்றிலும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

ஆங்கிலக் கடிகாரம் என்றால் கிரீடமும் 18 என்ற எண்ணும் பதினெட்டு காரட்டைக் குறிக்கும். 1798 வரை அங்கே 22 காரட் மட்டும்தான் அனுமதி, அந்த வருடம் 18 வந்தது. 1854இல் 15, 12, 9 காரட்கள் சேர்ந்தன. 1932இல் 15உம் 12உம் போய் 14 வந்தது. ஆக, 15 என்றும் பக்கத்தில் .625 என்றும் இருந்தால் கேஸ் (வெளிக்கூடு) 1854க்கும் 1932க்கும் நடுவே செய்தது என்று அந்த ஒரு முத்திரையே சொல்லிவிடும். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், மூன்று கோதுமைக் கட்டும் வாளும் செஸ்டர். கூடவே ஒரு தனி எழுத்து இருக்கும், அதுதான் வருடம். ஒவ்வொரு ஊருக்கும் எழுத்து வரிசை வேறு என்பதால் ஊரைக் கண்டுபிடித்த பிறகே எழுத்துக்குப் போங்கள்.

சுவிஸ் என்றால் 1880களிலிருந்து 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் பக்கவாட்டு முகம், 14 காரட்டுக்கு அணில். பிரான்ஸ் என்றால் 1838 முதல் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை. சுவிஸில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளி மூடி தங்கமாக இருக்கும், உள்மூடியில் மட்டும் ‘மெட்டல்’ என்றோ ‘குய்வ்ர்’ என்றோ பொறித்திருக்கும். குய்வ்ர் என்றால் பிரெஞ்சில் செம்பு. அது ஏமாற்று கிடையாது, ஒளிக்காமல் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எடை போட்டு வாங்குபவர் படிக்கத் தவறினால் நஷ்டம் அவருக்கு.

அமெரிக்காவில் அரசு முத்திரை இல்லை. அங்கே வார்த்தையைப் படிக்க வேண்டும். ‘வாரண்டட் 20 இயர்ஸ்’, ‘கேரண்டீட் 25 இயர்ஸ்’ என்று இருந்தால், பக்கத்தில் 14 காரட் என்று போட்டிருந்தாலும் அது முழுத் தங்கம் இல்லை. அந்த வருடக் கணக்கு மேலே உள்ள தங்கத் தகடு தேயாமல் இருக்கும் காலம். 1859இல் ஜேம்ஸ் பாஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய முறையில் நடுவே பித்தளை, இரு புறமும் தங்கத் தகடு வைத்து அழுத்திச் செய்தார்கள். முலாமைவிடப் பல மடங்கு தடிமன். காதுவளையம், சாவிக் குமிழின் கழுத்து, கீல் மூட்டு ஆகிய இடங்களில் தேய்ந்து பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

நகைக்கடையில் இருக்கும் கேரட் மீட்டர் மேல்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த தங்கத் தகடு போட்ட கேஸை அது முழுத் தங்கம் என்றே காட்டிவிடலாம். உரைகல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேலைப்பாடு உள்ள விளிம்பு தேய்ந்தால் திரும்ப வராது. முழுக் கடிகாரத்தையும் எடை போட்டுத் தங்கக் கணக்குப் போடுவதும் தவறு, அதில் பித்தளை இயந்திரமும் கண்ணாடியும் சேர்ந்திருக்கிறது.

அப்புறம், பாலிஷ். வெளியூரில் ஒரு கடையில் நான் சர்வீஸுக்குக் கொடுத்த ஒரு கடிகாரம் பளபளவென்று திரும்பி வந்தது. நான் கேட்காமலேயே இயந்திரச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றியிருந்தார்கள். நங்கூரம் பாதி மறைந்துவிட்டது, வருட எழுத்து சுத்தமாகப் போய்விட்டது. இன்று வரை அதன் வருடத்தை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கே கொடுத்தாலும் ‘கேஸைத் தொடாதீங்க’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

4. இயந்திரத்தைப் படிப்பது

இயந்திரத்தின் மேல் முழு வட்டத் தகடு மூடியிருக்கிறதா, தனித்தனிப் பாலங்களாகப் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழுத் தகட்டைப் பாலங்களாக உடைத்தது 1760களில் பாரிஸில் இருந்த ழான் அந்துவான் லெப்பின். கடிகாரம் மெலிந்தது அதற்குப் பிறகுதான். சுவிஸ்காரர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர்கள் தகட்டையும் சங்கிலியையும் விடவில்லை.

அடுத்து பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம். அதன் விளிம்பில் சின்னச் சின்ன திருகுகள் இருந்து, வளையம் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தால் அது வெப்பத்தைச் சமாளிக்கும் வகை. வெளியே பித்தளை, உள்ளே எஃகு. வெயிலில் ஹேர் ஸ்பிரிங் (அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்) பலம் குறைந்து கடிகாரம் பின்தங்கப் பார்க்கும். அதே வெயிலில் பித்தளை அதிகம் விரிந்து வளைய முனைகளை உள்ளே வளைக்கும், சக்கரம் வேகம் பிடிக்கும். இரண்டும் ஈடாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவு, எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

சிவப்புக் கற்கள் மாணிக்கம். அச்சு தேயாமல் இருக்க வைப்பது. 1704இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர்கள் நிக்கோலா ஃபாசியோ என்ற சுவிஸ் கணிதக்காரரும் டெபோஃப்ர் சகோதரர்களும். 7, 15, 17 என்று எண்ணிக்கை ஏற ஏறத் தரம் ஏறும், ஆனால் கற்களின் விலையை நினைத்து ஆசைப்பட வேண்டாம்.

5. பெயர் யாருடையது?

இந்த வேலையிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான், அதிகம் பேர் வழி தவறுவதும் இங்கேதான்.

டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் போட்ட கடிகாரங்கள் நம் பக்கம் கிடைக்கும். வெளிநாட்டில் செய்து வந்தவற்றையும் அந்தக் கடை தன் பெயரில் விற்றிருக்கிறது. எனவே டயலில் மெட்ராஸ் என்று இருந்தாலும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் பிறந்த ஊர் தெரியும்.

கேஸுக்குள் இருக்கும் இனிஷியல் கேஸ் செய்தவருடையது, கடிகாரம் செய்தவருடையது இல்லை. அதிலும் ஒரு கதை உண்டு. ‘ஏ.எல்.டி’ என்ற மூன்று எழுத்து ஆங்கிலக் கேஸ்களில் அடிக்கடி வரும். அவர் ஆரன் லஃப்கின் டெனிசன். 1850இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஹோவர்டு முதலானவர்களோடு சேர்ந்து, இயந்திரங்களைக் கொண்டு மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களால் கடிகாரம் செய்யத் தொடங்கியவர். அதுதான் பின்னாளில் வால்தம் கம்பெனி. தொடங்கிய கம்பெனியை விட்டுப் போக நேர்ந்து, கடைசியில் பர்மிங்ஹாமில் கேஸ் செய்யும் தொழிலில் நிலைத்தார். ஆக, வால்தம் இயந்திரமும் ஏ.எல்.டி கேஸும் சேர்ந்த கடிகாரத்தில் ஒரே மனிதரின் இரண்டு வாழ்க்கையும் இருக்கிறது.

இயந்திரத்தில் ‘லண்டன்’ என்றும் ஒரு பெயரும் இருந்தாலும் அவரே உட்கார்ந்து செய்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில் வீட்டு வீட்டுக்குப் பாகங்கள் செய்து கச்சா இயந்திரமாகச் சேர்ப்பார்கள். அது லண்டன் கிளார்க்கன்வெல்லுக்கோ கவென்ட்ரிக்கோ லிவர்பூலுக்கோ போய் மெருகேறும். ஒருவர் கல் பதிப்பார், ஒருவர் டயல், ஒருவர் முள், ஒருவர் முலாம். சுவிஸ் ழூரா மலைகளிலும் பனிக்கால வீட்டு வேலையாக இதே மாதிரிதான் வளர்ந்தது.

சுவிஸ் உள்மூடியில் நிறைய பிரெஞ்சு எழுத்து இருக்கும். அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ரெமோந்துவார்’ என்றால் குமிழால் சாவி கொடுப்பது. ‘ஆங்க்ர்’ என்றால் சக்கரங்களைப் பல் பல்லாக விடும் அமைப்பு லீவர் வகை. ‘சிலாந்த்ர்’ என்றால் அதற்கு முந்தைய உருளை வகை. ‘ருபி’ என்றால் மாணிக்கம். ‘ஸ்பிரால் பிரெகே’ என்று இருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். ஹேர் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று மேலே தூக்கி வளைந்திருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அந்த வளைவைக் கண்டுபிடித்தவர் பிரெகே, கடிகாரம் அவருடையது இல்லை.

ஆப்ரஹாம் லூயி பிரெகே (1747–1823) பாரிஸில் இருந்தவர். டூர்பியான் என்ற, பேலன்ஸ் வீலைச் சுமந்து சுழலும் கூண்டுக்கு 1801இல் காப்புரிமை வாங்கியவர். அவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் போலிகள் குவிந்தன. அதனால் டயலில் 12க்குக் கீழே வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரகசியக் கையொப்பம் கீற ஆரம்பித்தார். டயலை வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தென்படும். பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்துக்கென 1783இல் சொல்லி வைத்த தங்கக் கடிகாரம் 1827இல்தான் முடிந்தது, ராணியும் இல்லை, பிரெகேயும் இல்லை. 1983இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடிப் போனார்கள், 2007இல்தான் மீண்டது தெரியவந்தது. பிரெகே என்று எழுதிய பழைய கடிகாரம் கையில் வந்தால் போலி என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

வருடத்துக்கு, அமெரிக்கக் கடிகாரம் என்றால் இயந்திரத்தில் இருக்கும் எண்ணை எடுங்கள். கேஸ் எண்ணால் பயன் இல்லை. அங்கே இயந்திரமும் கேஸும் தனித்தனிக் கம்பெனி, வாங்குபவர் கடையில் பொருத்திக்கொள்வார். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் எண் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும். பட்டேக் பிலிப், லாங்கின்ஸ் போன்றவை பழைய பேரேடுகளைப் பார்த்து விவரம் தருகின்றன.

6. ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸ்கள் உருகின, இயந்திரங்கள் அநாதையாயின. பிறகு யாரோ வேறு கேஸில் போட்டு விற்றார்கள். கண்டுபிடிக்கும் வழி: கேஸ் உள்விளிம்பில் இயந்திரத்தைப் பிடிக்கும் திருகின் தடம் இருக்கும். இப்போதைய திருகுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு தடம் இருந்தால் அந்தக் கேஸில் முன்பு வேறு இயந்திரம் இருந்தது. டயலுக்கு மேலே மூடி இல்லாத கடிகாரத்தில் குமிழ் 12க்கு மேலே இருக்க வேண்டும். 3க்குப் பக்கத்தில் இருந்தால் மூடி போட்ட கேஸுக்காகச் செய்த இயந்திரத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

டயலைச் சாய்த்துப் பார்த்தால் எனாமலில் மயிரிழை விரிசல்கள் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. முள்ளைச் சுற்றியோ விளிம்பிலோ உடைந்து வேறு பூச்சு அடைத்திருந்தால் விலை பேசுங்கள்.

7. ஓட விடுவது

கடிகாரத்தைத் தட்டையாகப் பிடித்து மெதுவாக இடம் வலமாகச் சுழற்றுங்கள். பேலன்ஸ் வீல் தாராளமாக ஆடி நின்றால் நல்லது. தள்ளாடினாலோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அதன் அச்சு உடைந்திருக்கிறது, செலவு வைக்கும்.

மணியை மாற்றும்போது அவசரம் வேண்டாம். அமெரிக்க ரயில்வே வகையில் குமிழை இழுத்து மாற்ற முடியாது. 1891 ஏப்ரலில் ஓஹையோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின, ஓர் ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியதுதான் காரணம் என்றார்கள். அதன் பிறகு வெப் பால் என்ற கிளீவ்லாந்து நகை வியாபாரியைக் கடிகாரங்களைக் கண்காணிக்க அமர்த்தினார்கள். அந்தக் காலத்தில் உறுதியான விதிகளில், தெரியாமல் முள் நகராதபடி கண்ணாடி வளையத்துக்கு அடியில் ஒரு நெம்புகோல் வைப்பதும் உண்டு. அது தெரியாமல் குமிழைப் பலமாக இழுத்து உடைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுவிஸ் கடிகாரங்கள் சிலவற்றில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி இருக்கும், அதை நகத்தால் அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்ப வேண்டும். தனிச் சாவி போடும் வகைக்குச் சரியான அளவுச் சாவி வாங்குங்கள், லூசான சாவி சதுர முனையை உருட்டிவிடும். மணி அடிக்கும் வகை என்றால் முள்ளைப் பின்னோக்கித் திருப்பவே கூடாது.

மூடி போட்ட கேஸை மூடும்போது டப்பென்று அழுத்தாதீர்கள். குமிழை உள்ளே அழுத்திப் பிடித்து, மூடியைச் சேர்த்து வைத்து, பிறகு குமிழை விடுங்கள். தங்கம் மென்மையானது, டப் டப்பென்று மூடினால் தாழ்ப்பாள் பிடிக்கும் உதடு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ரிப்பேர்க்காரரிடம் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவீர்களா, பிரிக்காமல் சொட்டு விடுவீர்களா? இரண்டாவது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கைக்கடிகாரம் மட்டும் பார்க்கிறவர் சங்கிலிக் கடிகாரத்தைப் பிரிக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் மதியுங்கள். முறுக்கிய வில்லை முதலில் இறக்காமல் தகட்டைக் கழற்றினால் சங்கிலி அறுந்துபோகும்.

8. பின்மூடிக்குள் இருக்கும் கீறல்கள்

கடைசியாக, பின்மூடியின் உட்பக்கத்தை லென்ஸில் வைத்து விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நூல் மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். எண்கள், தேதிகள், இனிஷியல்கள். சர்வீஸ் செய்த ஒவ்வொருவரும் விட்டுப்போன குறிப்பு. என்னிடம் உள்ள ஒரு சுவிஸ் கடிகாரத்தில் ஐந்து பேருடைய கை தெரிகிறது. ஒருவர் 7ஐக் குறுக்குக் கோடு போட்டு எழுதியிருக்கிறார், ஐரோப்பியப் பழக்கம். இன்னொருவருடைய எழுத்து முத்து முத்தாக, ஒரே உயரத்தில். எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆங்கில இரட்டைக் கேஸ் கடிகாரங்களில் இரண்டு கேஸ்களுக்கும் நடுவே வட்டமாக வெட்டிய காகிதம் இருக்கும், ரிப்பேர்க்காரரின் பெயரும் ஊரும் அச்சடித்தது, பின்னால் தேதி கையெழுத்தில். பழுப்பேறிய குப்பை என்று அதை எறிந்துவிடாதீர்கள். நான் இப்போது சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு கடிகாரத்தோடும் ஒரு காகிதத்தில் பார்த்தவர் பெயர், தேதி, மாற்றிய பாகம் மூன்றையும் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறேன். கேஸில் புதிதாகக் கீற வேண்டாம், காகிதம் போதும்.